புரதத்தின் ஒரே ஒரு லைசினில் பயோட்டினை ஏற்றுவது எப்படி

பயோட்டின் (வைட்டமின் பி7) உயிரணுவுக்குள் தனியாக மிதந்துகொண்டிருக்கும்வரை அதற்கு வேலை எதுவும் இல்லை. ஒரு கார்பாக்சிலேஸ் நொதியில் குறிப்பிட்ட இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்பில் சேர்ந்த பிறகுதான் அது கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து இடம் மாற்றும் உறுப்பாகிறது. சேர்த்து வைப்பது பயோட்டின் புரத லைகேஸ் என்ற நொதி. ஈ. கோலையில் இதற்கு பிர்ஏ என்று பெயர். மனித உடலில் இதே வேலையைச் செய்வது ஹோலோகார்பாக்சிலேஸ் சிந்தேஸ்.

ஆய்வகத்தில் நமக்கு வேண்டிய புரதத்தில், நாம் சொல்லும் இடத்தில் மட்டும், ஒரு பயோட்டினை ஏற்ற இந்த பிர்ஏவையே பயன்படுத்துகிறோம். செய்முறை எளிது. ஆனால் பாதி ஏறிய புரதத்தை முழுதும் ஏறியதாக நினைத்து அடுத்த சோதனைக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. பயோட்டின் ஏறியதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்க்க வேண்டும். அதைக் கவனத்தில் வைத்தே கீழே உள்ளதைப் படியுங்கள்.

நொதி என்ன செய்கிறது

வினை இரண்டு படிகளில் நடக்கிறது. முதல் படியில் பயோட்டினின் கார்பாக்சில் முனை ஏடிபியோடு (உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறு) வினைபுரிந்து பயோட்டினில்-ஏஎம்பி உருவாகிறது; பைரோபாஸ்பேட் வெளியேறுகிறது. இரண்டாம் படியில் இலக்குப் புரதத்தின் லைசினிலுள்ள எப்சிலான் அமினோ தொகுதி அந்த இடைப்பொருளைத் தாக்குகிறது. அமைடு பிணைப்பு உருவாகி ஏஎம்பி கழன்று போகிறது. இந்தப் பிணைப்பு கொதிக்க வைத்தாலும் எஸ்டிஎஸ்ஸில் (புரத மடிப்பைக் கலைக்கும் சவர்க்காரம்) போட்டாலும் உடையாது. பின்னால் ஜெல் சோதனைக்கு இது உதவும்.

பயோட்டினில்-ஏஎம்பி வினைத்திறன் மிக்கது. அது வெளியே தப்பினால் அருகில் இருக்கும் எந்த லைசினோடும் ஒட்டிக்கொள்ளும். அப்படி நடக்காததற்குக் காரணம், பிர்ஏ அதை வெறும் பயோட்டினைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடித்து வைப்பதுதான். பயோட்டின் வந்து அமர்ந்ததும் நொதியின் நெகிழ்வான வளையம் ஒன்று ஒழுங்குபட்டு மேலே மூடிக்கொள்கிறது. அந்த வளையத்தில் 118ஆவது அர்ஜினினை கிளைசினாக மாற்றினால் பிடி தளர்ந்துவிடும், இடைப்பொருள் வெளியே கசியும். 2012இல் வந்த பயோஐடி முறை இந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டது: ஒரு புரதத்தின் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, கசியும் பிர்ஏவை அதோடு இணைத்துவிடுகிறார்கள். 2018இல் வந்த டர்போஐடி அதே வேலையைப் பத்து நிமிடத்தில் முடிக்கும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. பிர்ஏ மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டை (வட்ட டிஎன்ஏ) கேட்டு வாங்கும்போது இயல்பான பிர்ஏதானா என்று வரிசையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போக வாய்ப்புண்டு.

இலக்கு லைசினை நொதி எப்படி அடையாளம் காண்கிறது? ஈ. கோலையில் இயல்பாகப் பயோட்டின் ஏறும் புரதம் ஒன்றே ஒன்றுதான்: அசிட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸின் துணை அலகான பிசிசிபி. அதன் 156 அமினோ அமிலங்களில் 122ஆம் இடத்து லைசின்தான் இலக்கு. முன்னும் பின்னும் மெத்தியோனின் இருக்கும். மனிதரின் ஐந்து கார்பாக்சிலேஸ்களிலும் இதே மெத்தியோனின்-லைசின்-மெத்தியோனின் அமைப்பைக் காணலாம். ஆனால் அந்த மூன்று எழுத்துகளை மட்டும் எங்காவது ஒட்டினால் பயோட்டின் ஏறாது. ஏறத்தாழ 80 அமினோ அமிலங்கள் மடிந்து உருவாகும் ஒரு தட்டையான பீட்டா பீப்பாயின் ஓரத்தில், கூர்மையான திருப்பத்தின் நுனியில் அந்த லைசின் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நொதி பெரும்பாலும் வடிவத்தைத்தான் படிக்கிறது. மடிப்பைக் கலைத்தாலோ, லைசினை ஓரிடம் தள்ளி வைத்தாலோ வேலை நின்றுவிடும்.

இந்த வடிவம் பாக்டீரியா முதல் மனிதர்வரை பெரிதாக மாறவில்லை. அதனால் ஓர் உயிரினத்தின் லைகேஸ் இன்னொன்றின் கார்பாக்சிலேஸிலும் பயோட்டினை ஏற்றிவிடும். ஆனால் அடுத்து வரும் அவிடேக்குக்கு, அதாவது பயோட்டின் ஏறுவதற்காக நம் புரதத்தில் ஒட்டும் சிறு துண்டுக்கு (டேக்), இந்தத் தாராளம் செல்லாது.

டேக்கை எங்கே வைப்பது

அவிடேக் 15 அமினோ அமிலங்கள் கொண்ட செயற்கைத் துண்டு. வரிசை இது: கிளைசின், லூசின், அஸ்பராஜின், அஸ்பார்ட்டேட், ஐசோலூசின், ஃபினைல்அலனின், குளூட்டமேட், அலனின், குளூட்டமின், லைசின், ஐசோலூசின், குளூட்டமேட், டிரிப்டோஃபேன், ஹிஸ்டிடின், குளூட்டமேட். பத்தாவதாக வரும் லைசினில் பயோட்டின் ஏறும். பிசிசிபியின் வரிசையோடு இதற்கு ஒற்றுமை கிடையாது; பெப்டைடுக் குவியலிலிருந்து சலித்தெடுத்தது. இருந்தும் பிர்ஏ இதை இயல்பான இலக்குக்கு நிகரான வேகத்தில் ஏற்றுக்கொள்கிறது. ஈஸ்டின் லைகேஸும் பாலூட்டிகளின் லைகேஸும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே ஈஸ்டிலோ பாலூட்டி உயிரணுவிலோ வேலை செய்தால் பிர்ஏவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

புரதத்தின் எந்த முனையிலும் டேக்கை வைக்கலாம். வெளியே திறந்த வளையம் இருந்தால் நடுவிலும் வைக்கலாம். கிளைசின்-செரின் இணைப்பு ஒன்றை இடையில் விடுங்கள். டேக் புரதத்தின் மேற்பரப்பில் படிந்துகொண்டால் பிர்ஏவால் நெருங்க முடியாது. பத்தாவது லைசினை அலனினாக மாற்றிய வடிவம் ஒன்றையும் கூடவே தயாரித்து வைப்பது நல்லது. பிறகு ஏதாவது சந்தேகம் வரும்போது அந்தக் கட்டுப்பாட்டு மாதிரிதான் பதில் சொல்லும்.

இன்னொன்று: உங்கள் புரதத்திலும் பிர்ஏவிலும் ஒரே ஹிஸ்டிடின் டேக் இருந்தால் கடைசியில் இரண்டையும் பிரிக்கத் திணறுவீர்கள். பிர்ஏவில் ஜிஎஸ்டி (குளூட்டத்தயோனோடு ஒட்டும் புரதம்) டேக்காக இருப்பது வசதி. வினை முடிந்ததும் குளூட்டத்தயோன் மணிகளில் அதைப் பிடித்து எடுத்துவிடலாம். பிர்ஏ 321 அமினோ அமிலங்கள், ஏறத்தாழ 35 கிலோடால்டன். உங்கள் புரதமும் அந்த எடையை ஒட்டியிருந்தால் அளவு பிரிப்புத் தூணை (column) நம்ப முடியாது.

கரைசல்கள்

பயோட்டின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம்தான். 50 மில்லிமோலார் ஸ்டாக் வேண்டுமென்றால் 12.2 மில்லிகிராம் டி-பயோட்டினை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் (ஒரு கரிமக் கரைப்பான்) கரையுங்கள். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்க டிஎம்எஸ்ஓ வேண்டாம் என்றால் அதே 12.2 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான 10 மில்லிமோலார் பைசின் பஃபரில் (பி.ஹெச். 8.3) கரைத்து வடிகட்டுங்கள், 5 மில்லிமோலார் ஸ்டாக் கிடைக்கும். அடியில் துகள் தெரிந்தால் சூடாக்கி மறுபடி கரைத்த பிறகே எடுக்க வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் நீங்கள் கணக்கிட்ட செறிவு அதில் இருக்காது.

ஏடிபி 100 மில்லிமோலார்: இருசோடிய உப்பாக மில்லிலிட்டருக்கு 55 மில்லிகிராம், நீரேற்ற எடையைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். கரைத்ததும் அது அமிலமாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.ஹெச். 7க்குக் கொண்டுவந்து, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். அமிலத்தன்மையைச் சரி செய்யாத ஏடிபியைக் கொட்டி மொத்த வினையின் பி.ஹெச்.சையும் கீழே இழுத்துவிட்டு, நொதி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது வழக்கமாக நடப்பதுதான்.

புரதத்தை முதலில் பஃபர் மாற்றம் செய்யுங்கள். ஹிஸ்டிடின் டேக்கைப் பிடிக்கும் நிக்கல் தூணிலிருந்து நேராக வந்த மாதிரியில் 300 மில்லிமோலார் உப்பும் ஏராளமான இமிடசோலும் இருக்கும். பிர்ஏவுக்கு உப்பு ஆகாது; 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடே வேகத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். கிளிசராலை 5 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படிவாக்கிய புரதமாக இருந்தால் மிச்சமில்லாமல் நீக்குங்கள். இடிடிஏ இருக்கவே கூடாது. அது மக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மக்னீசியம் இல்லாமல் முதல் படியே நடக்காது.

குழாயில் ஏற்றுதல்

1 மில்லிலிட்டர் வினைக்கு, பிபிஎஸ்ஸில் (உப்புள்ள பாஸ்பேட் பஃபர்) 100 மைக்ரோமோலார் புரதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

புரதக் கரைசல்: 952 மைக்ரோலிட்டர்
1 மோலார் மக்னீசியம் குளோரைடு: 5 மைக்ரோலிட்டர்
100 மில்லிமோலார் ஏடிபி: 20 மைக்ரோலிட்டர்
50 மைக்ரோமோலார் பிர்ஏ: 20 மைக்ரோலிட்டர்
50 மில்லிமோலார் பயோட்டின்: 3 மைக்ரோலிட்டர்

இதில் மக்னீசியம் 5 மில்லிமோலார், ஏடிபி 2 மில்லிமோலார், பிர்ஏ 1 மைக்ரோமோலார், பயோட்டின் 150 மைக்ரோமோலார். மக்னீசியம் எப்போதும் ஏடிபியைவிடக் குறையாமல் இருக்கட்டும். பயோட்டினை டேக்கின் செறிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 50 மைக்ரோமோலார் பயோட்டின் போதும் என்று சொல்லும் செய்முறைகள் புரதம் 40 மைக்ரோமோலார் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. அதே 50ஐ 100 மைக்ரோமோலார் புரதத்துக்குப் போட்டால் பாதியோடு நின்றுவிடும். பிறகு எத்தனை மணி நேரம் வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது.

30 டிகிரியில் ஒரு மணி நேரம் மெதுவாக ஆட்டியபடி வையுங்கள். பிறகு அதே அளவு பிர்ஏவும் பயோட்டினும் இன்னொரு முறை சேர்த்து மேலும் ஒரு மணி நேரம். பிபிஎஸ்ஸில் உள்ள உப்பு நொதியை மந்தமாக்குவதால் இந்த இரண்டாம் தவணை வீணல்ல. உப்புக் குறைந்த பைசின் பஃபரில் (50 மில்லிமோலார், பி.ஹெச். 8.3), 10 மில்லிமோலார் ஏடிபி, 10 மில்லிமோலார் மக்னீசியம் அசிட்டேட், 50 மைக்ரோமோலார் பயோட்டின் வைத்துச் செய்தால் 40 மைக்ரோமோலார் புரதத்தில் 10 நானோமோலுக்கு 2.5 மைக்ரோகிராம் பிர்ஏ போதும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உப்பில்லாமல் வீழ்படியும் புரதம் என்றால் முதல் முறை, மற்றபடி இரண்டாவது. 30 டிகிரி தாங்காத புரதத்தைக் கூடுதல் நொதியோடு 4 டிகிரியில் இரவு முழுக்க வைக்கலாம்.

பாக்டீரியாவுக்குள்ளேயே ஏற்றுதல்

புரதத்தை ஈ. கோலையில்தான் தயாரிக்கிறீர்கள் என்றால் குழாய் வினை இல்லாமலே முடிக்கலாம். ஈ. கோலையின் சொந்த பிர்ஏ மிகக் குறைவு. நீங்கள் குவிக்கும் புரதத்துக்கு அது ஈடுகொடுக்காது, ஒரு பங்குதான் ஏறும். அதனால் ஒத்துப்போகும் இன்னொரு பிளாஸ்மிட்டில் பிர்ஏவை வையுங்கள். டேக் புரதம் பெட் (pET) வகைப் பிளாஸ்மிட்டில் இருந்தால் பிர்ஏவுக்கு பிஏசிஒய்சி184 வழித்தோன்றல் பொருந்தும். புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியைச் சேர்க்கும் அதே நேரத்தில் பயோட்டினையும் 50 மைக்ரோமோலார் ஆகும்படி சேர்க்க வேண்டும்: 1 லிட்டர் வளர்ப்புக்கு 5 மில்லிமோலார் ஸ்டாக்கில் 10 மில்லிலிட்டர். ஊடகத்தில் ஈஸ்ட் சாறு இருக்கிறதே, அதிலேயே பயோட்டின் வருமே என்று விட்டுவிடாதீர்கள். அது பாக்டீரியா வளரத்தான் போதும்.

இங்கே ஒரு சுவையான சிக்கல் உண்டு. பிர்ஏ நொதி மட்டுமல்ல, பயோட்டின் தயாரிக்கும் மரபணுக்களை அடக்கும் அடக்கியும் அதுவேதான். ஏற்றுவதற்கு இலக்கு இல்லாதபோது பயோட்டினில்-ஏஎம்பியைத் தாங்கியபடி இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவில் போய் அமர்ந்து உற்பத்தியை நிறுத்துகிறது. இலக்கு குவிந்தால் இடைப்பொருள் செலவாகிறது, அடக்குமுறை தளர்கிறது. ஆனாலும் அந்த உற்பத்தி நீங்கள் தூண்டிய புரதத்தின் வேகத்துக்கு வராது. வெளியிலிருந்து பயோட்டின் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த முறையில் 100 சதவீதம் ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சுத்திகரித்த பிறகு அளந்து, குறைந்தால் குழாய் வினையை மேலே ஒரு முறை ஓட்டிக்கொள்ளலாம்.

தனிப் பயோட்டினை நீக்குதல்

ஒட்டாமல் மிஞ்சிய பயோட்டின், ஸ்ட்ரெப்டவிடினின் (பயோட்டினை மிக இறுக்கமாகப் பிடிக்கும் புரதம்) நான்கு இடங்களையும் உங்கள் புரதத்துக்கு முன்பே போய் அடைத்துக்கொள்ளும். சிறிய மூலக்கூறு, 244 டால்டன், டயாலிசிஸிலேயே (சவ்வுப் பையில் வைத்துப் பஃபரில் ஊறவிடுவது) போய்விடும். 1 மில்லிலிட்டரை 1 லிட்டர் பஃபரில் ஒரு முறை வைத்தால் 200 மைக்ரோமோலார் 0.2 மைக்ரோமோலாராக இறங்கும். பஃபரை மாற்றி இன்னொரு முறை வைத்தால் 0.2 நானோமோலார். உப்பு நீக்கும் தூணும் சரிதான். ஆனால் அதன் கொள்ளளவுக்கு மேல் ஊற்றினால் புரதத்தின் வாலோடு பயோட்டினும் சேர்ந்து வரும்.

எத்தனை சதவீதம் ஏறியது

ஸ்ட்ரெப்டவிடின்-எச்ஆர்பி (நிறமோ ஒளியோ தரும் நொதி ஒட்டிய ஸ்ட்ரெப்டவிடின்) கொண்டு செய்யும் வெஸ்டர்ன் பிளாட்டை இதற்கு நம்பாதீர்கள். 10 சதவீதம் ஏறியிருந்தாலும் பட்டை கருப்பாகத்தான் தெரியும். ஜெல் நகர்வுச் சோதனையே மலிவானது, நேர்மையானது.

10 மைக்ரோமோலார் புரதத்தில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து, எஸ்டிஎஸ் லோடிங் பஃபர் சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். அறை வெப்பத்துக்கு நன்றாக ஆறட்டும். ஆறிய பிறகு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஸ்ட்ரெப்டவிடினில் 5 மைக்ரோலிட்டர் சேர்த்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி கொதிக்க வைக்காமல் ஜெல்லில் ஏற்றுங்கள். ஸ்ட்ரெப்டவிடின் சேர்க்காத அதே மாதிரியும், ஸ்ட்ரெப்டவிடின் மட்டும் உள்ளதும் பக்கத்தில் ஓடட்டும். எஸ்டிஎஸ் இருந்தாலும் அறை வெப்பத்தில் ஸ்ட்ரெப்டவிடின் நான்கு அலகுகளாகவே நிற்கும், பயோட்டினையும் விடாது. ஜெல் சூடேறினால்தான் கலையும். ஆகவே மின்னழுத்தத்தைக் குறைத்தோ தொட்டியைப் பனிக்கட்டியில் வைத்தோ ஓட்டுங்கள்.

பயோட்டின் ஏறிய புரதம் மேலே நகர்ந்துவிடும். பழைய இடத்தில் மிஞ்சும் பட்டைதான் ஏறாத பங்கு. அதன் அடர்த்தியை ஸ்ட்ரெப்டவிடின் சேர்க்காத பட்டையோடு ஒப்பிட்டால் சதவீதம் வந்துவிடும். மேலே ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒரே ஸ்ட்ரெப்டவிடினில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புரதங்கள் தொற்றிக்கொண்டவை அவை.

இந்த அளவுகளை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டவிடின் ஏறத்தாழ 94 பிகோமோல். நான்கால் பெருக்கினால் 376 பிகோமோல் இடங்கள். நீர்த்த புரதம் 50 பிகோமோல்தான், தாராளமாக அடங்கும். டயாலிசிஸுக்கு முன் 100 மைக்ரோமோலார் கலவையை நீர்க்காமல் அதே 5 மைக்ரோலிட்டர் எடுத்தால் புரதம் 500 பிகோமோல், தனிப் பயோட்டின் 1,000 பிகோமோல். இடங்களெல்லாம் நிரம்பி, முழுதும் ஏறிய புரதமும் ஏறாததுபோல் கீழேயே நிற்கும்.

நிறை அளவி கையில் இருந்தால் இன்னும் தெளிவு. ஒரு பயோட்டினுக்கு 226.3 டால்டன் கூடும் (244.3இலிருந்து நீர் ஒன்று போக). டிரிப்சினால் வெட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: பயோட்டின் ஏறிய லைசினில் டிரிப்சின் வெட்டாது. எதிர்பார்த்த இரண்டு பெப்டைடுகளும் ஒன்றாகவே வரும்.

சரியாக வராதபோது

ஒன்றுமே ஏறவில்லை என்றால் முதலில் ஏடிபியை மாற்றுங்கள், பி.ஹெச். பாருங்கள், இடிடிஏ எங்கிருந்தாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். புரத அழிப்புத் தடுப்பான் மாத்திரைகள் பலவற்றில் அது இருக்கும். இவை சரியாக இருந்தால், ஏறும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு டேக் புரதத்தை அதே பிர்ஏவோடு ஓட்டிப் பாருங்கள். அதில் ஏறினால் குற்றம் நொதியில் இல்லை.

70, 80 சதவீதத்தில் நின்று, கூடுதல் நொதிக்கும் பயோட்டினுக்கும் அசையாவிட்டால், மிச்சப் புரதத்தில் டேக்கே இல்லாமல் போயிருக்கலாம். முனையில் தொங்கும் சிறு துண்டைப் புரத அழிப்பு நொதிகள் எளிதில் கடித்துவிடும். நிறை அளவியில் குறுகிய வடிவம் தெரிந்தால் டேக்கை மறு முனைக்கு மாற்றுவதுதான் வழி. ஏறியவற்றை மட்டும் பிரித்தெடுக்கச் சாதாரண ஸ்ட்ரெப்டவிடின் மணிகள் உதவாது, பிடித்ததை அவை திருப்பித் தருவதில்லை. பிடி தளர்ந்த மோனோமர் அவிடின் மணிகளில் ஏற்றி, 2 மில்லிமோலார் பயோட்டினால் கழுவி எடுத்து, மறுபடி டயாலிசிஸ் செய்ய வேண்டும்.

உயிரணுச் சாற்றை நேரடியாக ஸ்ட்ரெப்டவிடின் பிளாட்டில் பார்ப்பவர்களுக்கு இயல்பான பட்டைகள் குழப்பம் தரும். ஈ. கோலையில் பிசிசிபி கணக்குப்படி 16.7 கிலோடால்டன் என்றாலும் ஜெல்லில் 22 அருகே தெரியும். பாலூட்டி உயிரணுவில் 75, 130 அருகிலும் 265க்குப் பக்கத்திலும் வருபவை கார்பாக்சிலேஸ்கள். உங்கள் புரதமும் 75 அருகே வந்தால் லைசின்-அலனின் கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. பிளாட்டின் வெற்றிடங்களை மூட (பிளாக்கிங்) பால்பொடி வேண்டாம், பாலிலேயே பயோட்டின் இருக்கிறது. 3 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) பயன்படுத்துங்கள்.

உயிரணு வளர்ப்பில் ஊடகத்தையும் பார்க்க வேண்டும். ஆர்பிஎம்ஐ 1640இல் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பயோட்டின் உண்டு, டிஎம்இஎம்மில் கிடையாது. அங்கே சீரத்திலிருந்து வருவது மட்டும்தான். டர்போஐடி போல வேகமான நொதிகள் ஆர்பிஎம்ஐயில் நீங்கள் பயோட்டின் சேர்ப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும். இயல்பான பிர்ஏவும் அவிடேக்கும் வைத்துச் செய்பவர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை: டிஎம்இஎம்மில் பயோட்டின் சேர்க்க மறந்தால், சீரத்தில் வரும் கொஞ்சத்தை உயிரணுவின் சொந்தக் கார்பாக்சிலேஸ்களும் பங்கு கேட்கும்.